கயிற்றுக்கு இந்தப் பக்கம்

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு துணி எடுக்கப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. முன்னால் நான்கு மாடிக்குக் கடைகளும் தியேட்டரும் சாப்பாட்டுக் கடைகளும், அதற்குப் பின்னால் ஓர் ஆபீஸ் கட்டடம், அதற்கும் பின்னால் இரண்டு குடியிருப்புக் கோபுரங்கள். எந்த வளாகம் என்று சொல்லப் போவதில்லை. சென்னையில் இப்போது இந்த மாதிரி நிறைய வந்துவிட்டது, நான் எழுதப் போவது இது ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற சங்கதியும் இல்லை.

அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. நன்றாகவே நடக்கிறார், என்ன, மெதுவாக நடப்பார். ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்பார். பஸ்ஸை விட்டு இறங்கினால் வளாகத்தின் கண்ணாடிக் கதவு கண்ணுக்குத் தெரிகிறது, காலடி போட்டு அளந்தால் 150 மீட்டர்கூட வராது. அந்தத் தூரத்துக்குள் அம்மா ஏழு தடவை நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி, மறுபடி ஏறினார். ஆபீஸ் வாசல், இருசக்கர வண்டி உள்ளே போகும் வாசல், டிரான்ஸ்பார்மர், கார் உள்ளே போகும் வாசல், கார் வெளியே வரும் வாசல், சரக்கு லாரி வாசல், கடைசியாக குடியிருப்புக்காரர்கள் வாசல். ஒவ்வொரு வாசலிலும் நடைபாதை அறுந்து கிடக்கிறது. நடைபாதையின் விளிம்பு அம்மாவின் கெண்டைக்கால் பாதி உயரம். நான் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். நான்காவது இறக்கத்துக்கு அப்புறம் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கார் உள்ளே போகும் வாசலில்தான் அந்தக் கயிறு.

நீல நிற நைலான் கயிறு, கை பிடிக்கிற இடத்தில் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒரு முனை விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது, மறு முனை செக்யூரிட்டி அண்ணன் கையில். கார் வரிசை நகரும்போது அவர் கயிற்றை இடுப்பு உயரத்துக்கு இழுத்துப் பிடிப்பார், நடந்து வருகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். வரிசை நின்றால் கயிற்றைத் தரையில் விடுவார், அப்போது ஓட்டமும் நடையுமாகத் தாண்ட வேண்டும். நாங்கள் போனபோது ஒரு முப்பது பேர் நின்றிருந்தோம். கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள், கையில் டிபன் பாக்ஸ் பையோடு இரவு ஷிப்டுக்கு வந்த கடைப் பெண்கள்.

“அம்மா, செத்த நில்லுங்க, வண்டி போகட்டும்.”

“எத்தன வண்டிப்பா போகணும்?”

அவர் பதில் சொல்லவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? காலை எட்டு மணியிலிருந்து அதே இடத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருக்கிறவர். அம்மா அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னதுதான் இன்று வரை மனசை விட்டுப் போகவில்லை. “மாசி வீதியில தேர் வரும்போதுதான்டி கயித்தப் போட்டு ஆளுகள ஒதுக்குவாக. தேர்ல சாமி இருக்கு, நிக்கலாம். இதுல என்ன இருக்கு?”

இதைக் கேட்டபோது எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலித்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் 14 வருஷமாகக் கட்டட ஆலோசனை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அனுமதி கேட்டுப் போகும்போது என்னென்ன தாள்கள் போகும் என்று எனக்கு அத்துப்படி. எத்தனை கார், எத்தனை இருசக்கர வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதற்கு 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பட்டியலே இருக்கிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு ஒன்பது மீட்டர் ஆரம். உயர்மாடிக் கட்டடம் என்றால் போக்குவரத்து போலீஸ், தீயணைப்புத் துறை, விமான நிலைய ஆணையம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் தடையின்மைச் சான்று. கார் போகிற வழி முழுக்க அம்புக்குறி போடுவோம், உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். இவ்வளவு தாளிலும், பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரு மனுஷி எந்த வழியாகக் கதவு வரைக்கும் வருவார் என்று ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லி இந்த 14 வருஷத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானாகவும் போட்டதில்லை.

விதி இல்லை என்று சொல்ல முடியாது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்கென்றே ஐ.ஆர்.சி. 103 என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், கடை முகப்பு உள்ள இடத்தில் நின்று பார்க்கிறவர்களுக்காக அதற்கு மேலும் இடம் விட வேண்டும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, வாசல் வருகிற இடத்தில் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும் என்பது. நடக்கிறவர் இறங்குவதா, கார் ஏறுவதா? யோசித்துப் பார்த்தால் எல்லாமே இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. கார் ஏறினால் அதன் வேகம் தானாகக் குறையும், ஓட்டுகிறவருக்குத் தான் இன்னொருவர் இடத்தைத் தாண்டிப் போகிறோம் என்பது உடம்பிலேயே தெரியும். நடக்கிறவர் இறங்கினால் எல்லாம் தலைகீழ். சாலை நீண்டு வந்து கடைக்குள் நுழைகிற மாதிரி ஆகிவிடுகிறது, அதற்குக் குறுக்கே போகிற நாம் வழிப்போக்கர் ஆகிவிடுகிறோம். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று கொள்கை அறிவித்தது, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று. அதற்கப்புறம் பல சாலைகளில் நல்ல நடைபாதை வந்ததை நானே பார்த்திருக்கிறேன், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மாநகராட்சி போட்ட அந்த நடைபாதை தனியார் வளாகத்தின் வாசல் வந்ததும் உடைக்கப்படுகிறது. ஒரு கல்லை உடைத்து ஒரு வாசல், இன்னொரு கல்லை உடைத்து இன்னொரு வாசல்.

அடுத்து அந்த வரிசை. அன்றைக்குச் சாலையில் கார்கள் நின்ற நீளத்தைப் பார்த்து எல்லாரும் தீபாவளிக் கூட்டம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டோக்கன் கொடுக்கிற கூண்டு சாலையிலிருந்து ஒரு கார் நீளம் மட்டுமே உள்ளே தள்ளி இருக்கிறது. கண்ணாடியை இறக்கி, டோக்கனை வாங்கி, டிக்கியைத் திறந்து காட்டி, தடுப்புக் கம்பி தூக்கி, கார் நகர ஒரு வண்டிக்கு 15 வினாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு நான்கு கார். பண்டிகைச் சாயங்காலம் நிமிஷத்துக்கு ஆறு கார் வந்தால், ஒவ்வொரு நிமிஷமும் இரண்டு கார் மிச்சம். இருபது நிமிஷத்தில் நாற்பது கார். முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்றால் 240 மீட்டர். அடித்தளத்தில் நூறு இடம் காலியாக இருந்தாலும் இந்த வரிசை உருவாகத்தான் செய்யும், இடப் பற்றாக்குறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூண்டை ஐம்பது அறுபது மீட்டர் உள்ளே தள்ளி வைத்து, கூட்ட நாளில் இரண்டு பேர் நடந்து வந்து டோக்கன் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்ளே தள்ளி வைக்க இடம் இருந்தது, அந்த இடத்தில் நீரூற்று வைத்திருக்கிறார்கள்.

இந்த வரிசை யாரைப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பஸ் நிறுத்தம் வாசலுக்கு முன்னாலேயே இருக்கிறது. கார்கள் இடது ஓரத்தை அடைத்து நின்றதும் பஸ்ஸால் ஓரம் வர முடியவில்லை, சாலை நடுவிலேயே நிற்கிறது. இறங்குகிறவர்கள் இரண்டு கார்களுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வர வேண்டும், ஏறுகிறவர்கள் நடுச்சாலைக்கு ஓட வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற பைக்குகள் இடது பக்கம் இருக்கிற அந்தச் சந்தில்தான் நுழையும். அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். பஸ்ஸின் கடைசிப் படி நடைபாதையை ஒட்டி நின்றால் அம்மாவுக்கு ஒரு சின்ன இறக்கம், நடுச்சாலையில் நின்றால் அதுவே பெரிய குதி. ஒரு டோக்கன் கூண்டை எங்கே வைக்கிறோம் என்பது ஒரு கிழவியின் முழங்காலில் வந்து முடிகிறது.

வெளியே வரும் வாசல் இன்னும் மோசம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் அடித்தளத்திலிருந்து சரிவுப் பாதை வளைந்து மேலே வருகிறது. மேலே வந்து சேர்கிற இடத்தில் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குச் சுவர், சுவர் மேல் விளம்பரப் பலகை. சரிவில் ஏறி வருகிற காரின் மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரிவது பானட்டும் அதற்கு மேல் எதிர்ச்சாலையின் விளக்குகளும்தான். நிறுத்தினால் பின்னால் உருளும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தபடியே மேலே வருவார். சரிவு முடிந்து வண்டி சமமாக நிற்க ஒரு ஐந்தாறு மீட்டர் தளம் இருந்தால், அவர் நின்று இடம் வலம் பார்க்க முடியும். இங்கே சரிவு முடிகிற இடமும் நடைபாதையும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் வண்டி முதலில் வருகிறது, பார்வை அப்புறம் வருகிறது. ஒரு கூவுகிற மணி வைத்திருக்கிறார்கள், அது நாள் முழுக்கக் கூவுவதால் யார் காதிலும் விழுவதில்லை. ஒரு குவிகண்ணாடி இருக்கிறது, அது கார்க்காரர் இன்னொரு காரைப் பார்ப்பதற்கான கோணத்தில் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிச் சீருடை போட்ட அந்த இரண்டு பிள்ளைகளின் தலை அந்தச் சுவரைவிட உயரம் குறைவு. ஒரு வெள்ளைக் கார் மேலே வந்தது, பெரியவன் சின்னவளின் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. கார்க்காரரும் பயந்துபோய் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு சுவரைக் கட்டி வைத்தது அவர் இல்லையே.

அந்த ஒன்பது மீட்டர் ஆரம் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் வாசல் மூலைகள் ஏன் இவ்வளவு அகலம் என்று எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் காரணம் காட்டுவார்கள். தீயணைப்பு வண்டி திரும்பியாக வேண்டும், அதில் சமரசம் கூடாது, நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வருஷத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அதற்காக மூலையை அகலமாக வளைத்துத் தாரும் போட்டுவிட்டால், மற்ற நாளெல்லாம் எல்லா வண்டியும் பிரேக்கைத் தொடாமல் அந்த வளைவில் திரும்பும், நடக்கிறவர் கடக்க வேண்டிய அகலமும் இரண்டு பங்காகிவிடும். மூலையில் கரடுமுரடான கருங்கல்லைத் தாழ்வாகப் பதித்துவிட்டால் போதும், தீயணைப்பு வண்டி அதன் மேல் ஏறிப் போய்விடும், கார்க்காரர் சத்தத்துக்கும் குலுக்கலுக்கும் பயந்து அந்தக் கல்லைத் தவிர்த்து மெதுவாகத் திரும்புவார். செலவு என்று பார்த்தால் கல்லும் இரண்டு நாள் கூலியும்தான்.

கோபுரத்தில் குடியிருக்கிற என் சிநேகிதி ஒருத்தியின் அனுபவம் இன்னும் வேறு. வீடு வாங்கும்போது அவளுக்குச் சொன்னது, லிப்டில் இறங்கினால் கடை, பால் முதல் சினிமா வரை எதற்கும் வண்டி எடுக்க வேண்டாம் என்று. அவள் வீட்டிலிருந்து கடைக் கட்டடத்தின் பின்சுவர் பார்த்தால் தெரியும். ஆனால் பின்பக்கம் கதவு கிடையாது, இருக்கிற கதவு ஊழியர்களுக்கும் சரக்குக்கும். அவள் கீழே வந்து, லாரி திரும்புகிற சர்வீஸ் சாலை ஓரமாக நடந்து, வெளியே பொதுச் சாலைக்கு வந்து, அந்தக் கயிற்றைத் தாண்டி முன்வாசலுக்குப் போக வேண்டும். சர்வீஸ் சாலையில் சாயங்காலம் ஆனால் உணவு டெலிவரி செய்கிற தம்பிகளின் பைக்குகள் வரிசையாக நிற்கும். அவர்களுக்கு நிற்க ஒரு நிழல், ஒரு இடம் யாரும் ஒதுக்கவில்லை, அதனால் அரை அடி நடைபாதையிலும் ஒரு அடி சாலையிலுமாக நிற்கிறார்கள். சிநேகிதியின் பெண்ணுக்கு 11 வயது. ஒரு சார்ட் பேப்பர் வாங்கத் தனியாக அனுப்ப முடிகிறதா என்றால் முடிவதில்லை. கடைசியில் அவள் என்ன செய்கிறாள்? அடித்தளத்திலிருந்து காரை எடுத்து, வெளியே வந்து, யு டர்ன் போட்டு, அதே வளாகத்தின் கடை அடித்தளத்துக்குள் நுழைகிறாள். எண்பது மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்த வரிசையில் நிற்கிற கார்களில் அவளுடையதும் ஒன்று.

கீழே கடை, மேலே வீடு என்பதெல்லாம் நமக்குப் புதுசா? நான் பிறந்து வளர்ந்தது மதுரை கீழமாசி வீதிப் பக்கம், தாத்தாவின் பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில். கடைப் படிக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மூட்டை இறக்குவதெல்லாம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும், ஏழு மணிக்கு மேல் நாங்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் தலை பின்னிக்கொள்வோம். நாற்பது அடிக்குள் ஐந்து கடை, ஐந்து வாசல், ஐந்து ஜோடிக் கண்கள். அங்கேயும் நெரிசல் உண்டு, மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் திட்டு வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனோம், அதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா வாசலும் தெருவைப் பார்த்து இருந்தன. இப்போதைய வளாகத்தில் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெளிச்சுவர், அதில் மனிதர் நுழைய ஒரு கதவு, வண்டி நுழைய ஆறு வாசல்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனவர்கள் அஞ்சடியைப் பார்த்திருப்பார்கள். 1822-இல் பிரிட்டிஷ் நிர்வாகி ராபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோதே, கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் முகப்பில் கூரை போட்ட நடைவழி ஒன்றை விட வேண்டும், அது பக்கத்துக் கடையின் நடைவழியோடு தொடர்ந்து போக வேண்டும் என்று வைத்தார்கள். ஐந்தடி அகலம் என்பதால் அஞ்சடி. நிலம் கடைக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, சாலையில் கால் வைக்காமல் ஒரு தெரு முழுக்கப் போகலாம். மேலே குடித்தனம், கீழே வியாபாரம். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவில் இருக்கிற வீடு, பள்ளிக்கூடம், கடைகளுக்கு எல்லாம் கூரை போட்ட பாதை போடும் திட்டம் 2013-இல் வந்தது என்று நினைக்கிறேன். நமக்கு இருக்கிற வெயிலுக்கு அஞ்சடி நாம் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒன்று.

உலகத்தின் முதல் மூடிய, குளிரூட்டிய பெரிய மால் என்று சொல்லப்படும் சவுத்டேல் 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்தது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் வியன்னாக்காரர், தெருவில் நடந்து வளர்ந்தவர். அவர் போட்ட திட்டத்தில் மாலைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ மையம், பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன, ஆட்கள் நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம் என்று. கட்டப்பட்டது கடைகளும் அதைச் சுற்றிக் கார் நிறுத்தும் திடலும் மட்டும்தான். பிற்காலத்தில் அவரே இந்த மால்களைத் தன்னுடையவை இல்லை என்று ஒதுக்கிவிட்டார். வீடும் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் ஆட்கள் தானாக நடந்துவிடுவார்கள் என்கிற நம்பிக்கையோடு நம் ஊரில் வளாகம் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கிற அந்த நூறு மீட்டரை யாராவது உட்கார்ந்து வரைந்தாக வேண்டும்.

சென்னையில் முடியாது என்பவர்களிடம் நான் பாண்டி பஜாரைக் காட்டுவேன். 2019 நவம்பரில் தியாகராயர் சாலையில் அந்த நடைபாதை வளாகம் திறந்தபோது வியாபாரம் படுத்துவிடும், கார் நிறுத்த இடம் இல்லாமல் ஆள் வர மாட்டார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. நான் திறந்த மறு வாரமே போனேன். வண்டிக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தது ஒரு பக்கம், அதைவிட எனக்குப் பிடித்தது பல குறுக்குத் தெருக்கள் வந்து சேர்கிற இடத்தில் நடைபாதை இறங்காமல் போவது. பெஞ்சு போட்டிருந்தார்கள், பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடைத்தெரு ஓரத்தில் பாட்டிகள் காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்கப்புறம் பராமரிப்பு முன்னே பின்னே இருக்கிறது, பைக்குகள் மேலே ஏறி நிற்கின்றன, வண்டிகளுக்குத் தடையாக வைத்த கம்பங்கள் சில இடத்தில் சாய்ந்து கிடக்கின்றன. இருந்தாலும் அந்தச் சாலையில் அம்மா என் கையைப் பிடிக்காமல் நடக்கிறார்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை பற்றி எனக்கு இரண்டு மனசு. 570 மீட்டர் நீளம், லிப்ட் உண்டு, நகரும் படி உண்டு, ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு ரங்கநாதன் தெரு நெரிசலிலிருந்து விடுதலை. அந்தத் தேவைக்கு அது சரியான விடை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எல்லா வளாகத்துக்கு முன்னாலும் ஒரு மேம்பாலம் போட்டால் போதும் என்று பேசுகிறார்கள், அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கிறவரை மேலே ஏற்றி அனுப்பிவிட்டால் கீழே இருக்கிற சாலை முழுக்க வண்டிக்கு என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். லிப்ட் பழுதான அன்றைக்கு அம்மா என்ன செய்வார்?

இரவு பத்தரைக்கு மேல் அந்த வளாகத்தின் பின் வாசலை ஒரு தடவை பார்த்தேன், சினிமாவிட்டு வரும்போது. கடை ஊழியர்கள் பையைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள், முக்கால்வாசி இருபது இருபத்திரண்டு வயசுப் பெண்கள். நாள் முழுக்க நின்ற கால்கள். அவர்கள் வெளியே வரும் நேரமும் சரக்கு லாரி உள்ளே வரும் நேரமும் ஒன்று. அங்கே நடைபாதை என்று ஒன்றே கிடையாது, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். விளக்கு ஒன்று, அதுவும் லாரியிலிருந்து சரக்கு இறக்குகிற மேடைக்கு மேல். ஷேர் ஆட்டோ பிடிக்க அந்த இருட்டில் முன்பக்கம் வரை சுற்றி வர வேண்டும். அந்த வளாகத்துக்கு நடந்து வருகிறவர்களில் அங்கேயே வேலை செய்கிறவர்களும் உண்டு என்பதை எந்த வரைபடமும் கணக்கில் எடுப்பதில்லை. கார் இடத்தை எண்ண விதி இருக்கிறது, இந்தப் பெண்களை எண்ண எந்த விதியும் என் மேஜைக்கு வந்ததில்லை. சென்னைப் பெருநகரத்துக்கு 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகி வருகிறது, மெட்ரோ வருகிற சாலைகளில் இந்த மாதிரி வளாகங்கள் இன்னும் அடர்த்தியாக வரப் போகின்றன. கார் நிறுத்தக் கணக்கோடு சேர்த்து, பஸ் நிறுத்தத்திலிருந்து கதவு வரை நடந்து வரும் வழியின் வரைபடம் ஒன்றைக் கொடுத்தால்தான் அனுமதி என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்றிருக்கிறேன். படிக்கிற நீங்களும் எழுதுங்கள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து சிநேகிதி மூலமாகக் குடியிருப்போர் சங்கத்தில் பேச நேரம் கேட்டேன். பத்துப் பேர் வந்திருந்தார்கள். நான் எடுத்துப் போனது புகைப்படங்களும், அந்த 15 வினாடிக் கணக்கும், சரிவுப் பாதையின் ஒரு குறுக்குவெட்டும். பிள்ளைகள் தலை உயரத்தையும் காரின் கண் மட்டத்தையும் ஒரே படத்தில் கோடு போட்டுக் காட்டினேன். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் பேத்தி அந்த வழியாகத்தான் டியூஷன் போகிறாளாம். அவர் விடவில்லை. நிர்வாகத்திடம் நாலைந்து தடவை போயிருக்கிறார்.

இதுவரைக்கும் நடந்தது: டோக்கன் கூண்டை நீரூற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள், சனி ஞாயிறுகளில் வரிசை சாலைக்கு வருவது ரொம்பவே குறைந்திருக்கிறது. சரிவுப் பாதையின் சுவர் மேல் இருந்த விளம்பரப் பலகையை எடுத்துவிட்டார்கள், சுவரைக் கடைசி மூன்று மீட்டருக்கு இடித்துக் கம்பி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் போடவில்லை. பின்பக்கக் கதவு திறக்க மாட்டோம் என்கிறார்கள், பாதுகாப்புக் காரணம். கயிறு இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி நேரம் கம்பத்தில் சுருட்டித் தொங்குகிறது.

நடைபாதையை வாசல்களில் இறங்காமல் ஒரே மட்டமாகக் கொண்டுபோக என்ன செலவாகும் என்று நிர்வாகம் கேட்டதாக வங்கிக்காரர் போன் செய்தார். அது மாநகராட்சி இடம், அவர்கள் அனுமதியும் வேண்டும், அதற்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்து கண்ணாடிக் கதவு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, ஏழு இடத்திலும் அறுபடாமல், மூலைகளில் கருங்கல். கடை ஊழியர்களுக்காகப் பின்வாசலிலிருந்து இன்னொரு கோடு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டே பார்த்தார். “எங்கெங்க இறங்கணும்?” என்று கேட்டார். எங்கேயும் இறங்க வேண்டாம் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டேன், அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கிறார்களாம்.